லாச்சி இங்கிலீஷோ?

நிலுஷாவைக் கண்டால் பிரியவதனிக்கு வயிறு எரியும். இதை வேறு எப்படிச் சொன்னாலும் பொய்யாகிவிடும். நாரந்தனையில் இருவருக்கும் ஒரே ஒழுங்கையில் வீடு, ஒரே இங்கிலீஷ் வகுப்பு. பிரியவதனி ஒரு வருசமாகக் கொப்பி கொப்பியாக எழுதியும் நாக்கு வளையவில்லை. நிலுஷா சேர்ந்து மூன்று மாதந்தான், அதற்குள் வெளுத்துக் கட்டினாள். "நிலுஷாட வாயால கேட்டா இங்கிலீஷும் வடிவுதான்" என்று கத்தரீனா ரீச்சர் ஒருநாள் சொல்லிவிட்டார். பிரியவதனி அன்றிலிருந்து இரண்டு பேரையும் மன்னிக்கவில்லை.

போன கிழமை வகுப்புக்குக் கணநாதன் என்றொருவர் வந்தார். முப்பது வருசம் வெளிநாட்டில் இருந்துவிட்டு வந்து, சாட்டிக் கடற்கரையில் விடுதி கட்டியிருக்கிறார். எந்த நாடு என்று ஒருவரும் கேட்கவில்லை. அவருடைய சப்பாத்தின் மினுக்கம் போதுமாக இருந்தது.

"வாற சனத்தை வரவேற்க ஒரு ஆள் வேணும். விருப்பமான ஆக்கள் வியாழக்கிழமை விடுதிக்கு வாங்கோ. வீட்டுக்குள்ள கிடக்கிற சாமான், எல் எழுத்தில தொடங்கவேணும், அஞ்சு சொல்லவேணும். அவ்வளவுதான் சோதினை."

மனுசனுக்கு அப்படியொரு கிறுக்கு. ஆனால் பிரியவதனிக்கு அந்த வேலை வேண்டும். பனங்கிழங்கு கிழித்துக் கிழித்து வெடித்துப்போன கைகளுக்கு மேசையும் கதிரையும் வேண்டும். வகுப்பில் அவளும் நிலுஷாவும் மட்டும்தான் கையை உயர்த்தினார்கள்.

புதன்கிழமை பின்னேரம் நிலுஷா கொப்பியோடு நேரே பிரியவதனி வீட்டுக் குசினிக்குள் வந்து நின்றாள்.

"அக்கா, லாம்ப், லடர், லொக், மூண்டுதான் வருது. இன்னும் ரெண்டு சொல்லுங்கோவன்."

மூடிக்கு லிட், சட்டை ஓரத்துக்கு லேஸ். இரண்டும் பிரியவதனியின் நாக்கு நுனியில் நின்றன. அவள் அவற்றை விழுங்கினாள்.

"லாச்சி" என்றாள்.

"மேசையில இழுத்துத் திறக்கிற லாச்சியோ? அது இங்கிலீஷே?"

"பின்ன? ல-வில தமிழ்ச் சொல் தொடங்காது எண்டு பள்ளிக்கூடத்தில படிக்கேல்லையே நீர்? மூக்குத் துடைக்கிற லேஞ்சியையும் எழுதும்."

இதே நியாயத்தை நம்பி, இதே இரண்டு சொல்லையும் பிரியவதனி வகுப்பில் எழுதிக் கொடுத்திருந்தாள். ரீச்சர் சிவப்புப் பேனையால் வெட்டி, "இது இங்கிலீஷ் இல்லை" என்றார். வகுப்பே கொல்லென்று சிரித்தது. அன்றைக்கு நிலுஷா நயினாதீவுத் திருவிழாவுக்குப் போயிருந்தாள். இப்போது அவள் குனிந்து பவ்வியமாக எழுதியதைப் பார்க்க, பிரியவதனிக்கு நெஞ்சு ஒருக்கால் சுருக்கென்றது. அவளும் சிரிப்பு வாங்கட்டும் என்று நினைத்ததும் அது அடங்கிவிட்டது.

வியாழக்கிழமை முதலில் பிரியவதனிதான் உள்ளே போனாள். லாம்ப், லடர், லொக், லிட், லேஸ். ஐந்தும் பிசகில்லாமல் வந்தன. "நல்லது பிள்ளை, வெளியில இரும்" என்றார் கணநாதன்.

அடுத்தது நிலுஷா. பிரியவதனி விறாந்தையில் யன்னலோடு ஒட்டிக்கொண்டு நின்றாள். மூன்று சொல் வந்தது. பிறகு ஒரு இழுவை.

"லாச்சி."

பிரியவதனி தாவணியை வாயில் அடைத்துச் சிரிப்பை அமுக்கினாள். உள்ளே மேசையில் கணநாதன் படாரென்று அடித்த சத்தம் கேட்டது.

"லாச்சியோ! பிள்ளை, உது ஒல்லாந்துச் சொல்லெல்லே! நான் முப்பது வருசம் இருந்த நாடு அதுதான். இஞ்ச வாறதில முக்கால்வாசிப் பேர் ஒல்லாந்துக்காரர். நீர் உந்த மேசையைக் காட்டி லாச்சி எண்டு சொன்னா அவையள் அப்பிடியே விழுந்துபோவினம். நாளைக்கே வேலைக்கு வாரும்."

ஐந்தாவது சொல்லை அவர் கேட்கவேயில்லை.

பிரியவதனி தாவணியை வாயிலிருந்து எடுத்தாள். அவளுடைய சொல். அவள் வாயில் கிடந்த சொல். கெடுக்கிறதுக்கென்று தானே எடுத்துக் கொடுத்த சொல்.

நிலுஷா ஓடிவந்து அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். "அக்கா, உங்களாலதான்! உங்கட பேரையும் சொல்லிப்போட்டு வந்தனான்."

"என்னெண்டு?"

"இது இங்கிலீஷெண்டு பிரியவதனி அக்கா நம்பித்தான் எனக்குச் சொல்லித் தந்தவா எண்டு. அவர் சிரிச்சுப்போட்டு, பாவம் அந்தப் பிள்ளை, உதுகூடத் தெரியாதோ எண்டார்."

தெரியும் என்று கத்த வேண்டும்போல இருந்தது பிரியவதனிக்கு. அது இங்கிலீஷ் இல்லையென்று உனக்கு முதலே எனக்குத் தெரியும். நிலுஷாவின் கண் நன்றியில் கலங்கியிருந்தது. கதவடியில் கணநாதன் வந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஓம்" என்றாள் பிரியவதனி. "நான் இங்கிலீஷெண்டுதான் நினைச்சனான்."