தலைக்குரிய விசை

ஸ்கேன் பிரிவின் உள்ளறையில் அமர்ந்து, மருத்துவரின் குரல்பதிவைக் காதில் மாட்டிக் கேட்டு அதை அறிக்கையாகத் தட்டச்சு செய்பவளுக்கு ஆஸ்பத்திரி முழுவதும் வழங்கிய பெயர் நிகண்டு. பெயர் சூட்டியவர் அந்த ஸ்கேன் மருத்துவரே. எந்த உறுப்புக்கு எந்த வாக்கியம், எந்த வாக்கியத்துக்கு எந்த விசை என்று எவர் கேட்டாலும், அவள் கண்ணிமைக்கும் முன் விடை சொல்வாள். கன்ட்ரோல் விசையை அழுத்தியபடி ஓர் எழுத்தைத் தொட்டால் போதும், ஒரு வாக்கியம் முழுமையாகத் திரையில் வந்து நிற்கும். அப்படி அவள் அமைத்து வைத்த குறுக்குவிசைகள் நூற்றுக்கணக்கில் இருந்தன.

அவ்வளவையும் மனத்தில் கோத்து வைக்க அவள் பற்றிக்கொண்டது பழைய துதிப்பாடல்களின் முறை. இறைவனைப் பாடுவோர் திருவடியில் தொடங்கித் திருமுடியில் முடிப்பர். அவளும் பாதத்தில் தொடங்கினாள். கணுக்கால், முழங்கால், இடுப்பு, ஈரல், நெஞ்சு, கழுத்து என்று ஏறித் தலையில் முடித்தாள். ஒவ்வோர் உறுப்புக்கும் ஓர் எழுத்து. அதைத் தனியே தொட்டால் குறையில்லை என்னும் வாக்கியம். ஷிஃப்டையும் சேர்த்து அழுத்தினால் குறையுண்டு என்னும் வாக்கியம். நாள்தோறும் வேலை தொடங்குமுன் கண்மூடி அந்த மாலையை ஒருமுறை உருட்டுவாள். அது அவளுக்குப் பாதி ஒத்திகை, பாதி வழிபாடு.

மாலையில் ஒரு மணி மட்டும் தலைகீழாகக் கோக்கப்பட்டிருந்தது. அது தலைக்குரிய மணி. வேலையில் சேர்ந்த புதிதில், முறை என்று ஒன்று அவளுக்குள் பிறப்பதற்கு முன்பே அமைத்த விசை அது. அங்கே மட்டும் ஷிஃப்ட் இல்லாமல் தொட்டால் ரத்தக்கசிவு உண்டு. ஷிஃப்டோடு தொட்டால் இல்லை. அந்த விதிவிலக்கு ஆண்டுக்கணக்கில் அவள் கண்ணில் விழுந்த தூசியாக உறுத்தியது. இன்று காலை வந்தவுடன் இரண்டு வாக்கியங்களையும் இடம் மாற்றிச் சேமித்தாள். அடிமுதல் முடிவரை எல்லாம் ஒரே ஒழுங்கு. மனம் நிறைந்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு வேலையைத் தொடங்கினாள்.

மதியம் உணவறையில் அவளுக்கு எதிரே அமர்ந்தவள், வாசலில் நோயாளிகளின் விவரம் பதியும் பதிவு மேசைக்காரி. ஒத்த வயதுத் தோழி.

"ஏய் நிகண்டு, எனக்கு என் வீட்டுக்காரர் ஃபோன் நம்பரே ஞாபகத்துல நிக்க மாட்டேங்குது. நீ எப்படிடி இத்தனையும் மண்டையில ஏத்தி வெச்சிருக்க?"

"உன் வீட்டுக்காரர் நம்பர் நிக்காததுக்குக் காரணம் மறதி இல்லடி."

"வாய் மட்டும் நீளம். எங்க, குறை இருக்கிற வாக்கியம் மட்டும் வரிசையா அடிச்சுக் காட்டு. கண்ணைத் திறக்கக் கூடாது."

நிகண்டு சிரித்துக்கொண்டே கண்களை மூடி, விசைப்பலகை இருப்பதாக எண்ணிக் கைகளை மேசைமேல் வைத்தாள். பாதம், ஷிஃப்டோடு. முழங்கால், ஷிஃப்டோடு. உதடுகள் சொல்லச் சொல்ல விரல்கள் மேசையைத் தட்டின. நெஞ்சு, ஷிஃப்டோடு. கழுத்து, ஷிஃப்டோடு. தலை, ஷிஃப்டோடு.

"ஏமாத்துற பார்த்தியா," என்றாள் தோழி. "எல்லாத்துக்கும் மோதிர விரல் சேர்ந்து அழுத்துச்சு. தலைக்கு மட்டும் சும்மா தூக்கிட்டு நிக்குது. வாய் ஷிஃப்டுங்குது, விரல் கேக்கவே இல்லையே!"

நிகண்டு கண்களைத் திறந்தாள். ஷிஃப்டை அழுத்த வேண்டிய இடக்கை மோதிர விரல் மேசையைத் தொடாமல் நின்றிருந்தது. அது பழைய விதிவிலக்கின்படி நின்றது. காலையில் அவள் திருத்தியது கணினியைத்தான். விரலுக்கு யாரும் சொல்லவில்லை.

சாப்பாட்டை அப்படியே தள்ளிவைத்து எழுந்தாள்.

"காலையிலேருந்து தலை ஸ்கேனுக்கு யார் யார் வந்தாங்க?"

"ஒருத்தர்தான். ஏணியிலேருந்து விழுந்தாரே, அந்தப் பெயின்டர். பேர் கேட்டா, 'உங்க சுவரு வெளுத்துப் போச்சும்மா, என்னை எப்பக் கூப்பிடப் போறீங்க'ன்னு என்னையே கேட்டாரு."

"இப்ப எங்க அவரு?"

"ஒண்ணுமில்லன்னு ரிப்போர்ட் வந்துச்சு, வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. ஏண்டி, மூஞ்சி ஏன் இப்படிப் போச்சு?"

விடை சொல்ல நிகண்டு அங்கே இல்லை. தாழ்வாரத்தில் தள்ளுவண்டிகளை இடித்துக்கொண்டு ஓடினாள். உள்ளறைக்கு வந்து அறிக்கையைத் திறந்தாள். 'மண்டையோட்டினுள் ரத்தக்கசிவு இல்லை.' கீழே மருத்துவரின் கையொப்பம்.

மருத்துவர் இல்லை என்றே சொல்லியிருக்கலாம். புதிய முறையை நினைவில் கொண்டு அவளும் சரியாகவே அடித்திருக்கலாம். நினைவைக் குடைந்து பார்த்தாள். ஒன்றும் இல்லை. காதில் விழுந்த சொல் மனத்தைத் தொடாமலே விரல் வழியே இறங்கிப் போயிருந்தது. இத்தனை நாளும் அவள் பெருமையாகக் கருதிய அந்த வித்தை இப்போது தன் உடம்பில் வேறொருவர் குடியிருப்பதுபோல் அவளை நடுங்க வைத்தது. குரல்பதிவை ஓட விடும் பொத்தானின் மேல் விரலை வைத்தாள். அழுத்தத் துணிவு வரவில்லை. 'அப்பனே, இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும்' என்று வேண்டிக்கொண்டே அழுத்தினாள்.

"பெயின்டர், ஏணியிலேருந்து விழுந்தவர். தலை. மெல்லிய கசிவு. அடுத்தது."

பக்கத்து அறையில் இருந்த மருத்துவரிடம் அவள் சொல்லி முடிக்கும் முன்பே அவர் எழுந்து நின்றுவிட்டார்.

"நான் கையெழுத்துப் போட்டேனே..."

"போட்டீங்க டாக்டர்."

"படிக்கல." அவர் உதடு வெளுத்தது. "நீங்க அடிச்சா நான் படிக்கிறதே இல்ல. வார்டுக்கும் ஒரு வார்த்தை சொல்லணும்னு ஃபோனை எடுத்தேன், லைன் பிஸி. ரிப்போர்ட்தான் போயிடுச்சேன்னு விட்டுட்டேன்." ஒரு தொலைபேசியை எடுத்து ஆம்புலன்ஸை விரட்டினார். மற்றொன்றில் நிகண்டு பெயின்டரின் வீட்டை அழைத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு அவர் மனைவியின் குரல்.

"தூங்குறாருங்க. வந்ததும் தலை வலிக்குதுன்னு படுத்தாரு. ஒண்ணுமில்லன்னு எழுதிக் குடுத்துட்டீங்களே, நல்லாத் தூங்கட்டும்னு கதவைச் சாத்திட்டேன்."

"எழுப்புங்கம்மா. இப்பவே."

"இப்பத்தானே கண் அசந்தாரு. எழுப்பினா கத்துவாரு."

"கத்தட்டும்மா! உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன், எழுப்புங்க. ரிப்போர்ட் தப்பு. நான் அடிச்சது தப்பு."

செருப்பில்லாத காலடிகள் கேட்டன. கதவு கிறீச்சிட்டது. அந்த அம்மாளின் தம்பி போலும், ஓர் இளங்குரல் விளையாட்டாக அழைத்தது: "மாமா, எந்திரிங்க. ஆஸ்பத்திரியிலேருந்து உங்களைத் தேடுறாங்க. மாமா..." சற்று நேரம் ஒன்றுமில்லை. "நடிக்கிறாருக்கா. மாமா, போதும்." மறுபடியும் ஒன்றுமில்லை. பின் அதே குரல், விளையாட்டெல்லாம் வடிந்து: "அக்கா, கண்ணைத் திறக்க மாட்டேங்கிறாருக்கா."

தொலைபேசி தரையில் விழுந்த ஓசை கேட்டது. அப்பால் அழுகை.

நிகண்டு தொலைபேசியைக் காதிலிருந்து எடுக்கவில்லை. இறைவனை அழைக்க அவளுக்குத் தெரிந்தது ஒரே வழி. திருவடியில் தொடங்கினாள். கணுக்காலுக்கு ஏறினாள், மார்புக்கு ஏறினாள், கழுத்தில் நின்றுவிட்டாள். அதற்குமேல் மனம் ஏறவில்லை. மறுபடியும் அடியிலிருந்து தொடங்கினாள். மறுபடியும் கழுத்து. ஆம்புலன்ஸின் ஊளை அந்தத் தொலைபேசிக்குள் நுழையும்வரை அவள் கழுத்தைத் தாண்டவே இல்லை.

அவரைக் கொண்டுவந்தபோது காலையில் அடித்த பெயின்டின் நீலத்துளி அவர் காதுமடலில் காய்ந்திருந்தது. வலது இமை மட்டும் துடித்தது. கூடவே ஓடிவந்த மனைவியின் ஒரு காலில்தான் செருப்பு இருந்தது.

இரண்டாம் ஸ்கேனில் கசிவு தடித்திருந்தது. இம்முறை மருத்துவர் பதிவுக்கருவியைத் தொடவில்லை. நிகண்டின் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று சொன்னார். அவள் கைகளை விசைப்பலகைக்கு மேல் தூக்கினாள். ஷிஃப்டோடு என்றது மனம். ஷிஃப்ட் இல்லாமல் என்றது விரல். எதை நம்புவது? இரண்டையும் நம்பவில்லை. 'மண்டையோட்டினுள்' என்று ஒவ்வோர் எழுத்தாக, புதிதாகப் பள்ளிக்கு வந்த பிள்ளைபோல் தேடித் தேடி அடித்தாள். அறுவை அரங்கிலிருந்து இருமுறை ஆள் வந்து எட்டிப்பார்த்தும் மருத்துவர் அவளை அவசரப்படுத்தவில்லை. முடிந்ததும் அறிக்கையை வாய்விட்டுப் படித்தார். அவளையும் படிக்கச் சொன்னார். அதன் பிறகே கையொப்பமிட்டார்.

பிறகு அவள் தலைக்குரிய இரண்டு வாக்கியங்களையும் அழித்தாள். அந்த எழுத்து இனி எதையும் கொண்டுவராது.

வெயில் சாயும் வேளையில் அறுவை மருத்துவர் வெளியே வந்தார். "உயிருக்குப் பயமில்லை. பேச்சு வருமான்னு முழிச்சாத்தான் தெரியும்," என்றார்.

பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெயின்டரின் மனைவி, சுவரோரம் நின்ற நிகண்டை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஃபோன் பண்ணினது நீங்களா?"

"நான்தாம்மா. தப்பா அடிச்சதும் நான்தான்."

அந்த அம்மாள் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, கைகளையே பார்த்தாள். நெடுநேரம் கழித்துப் பெஞ்சில் சற்று நகர்ந்து இடம் விட்டாள்.

"உக்காருங்க. அவரு முழிச்சதும் நீங்களே அவர்கிட்ட சொல்லுங்க."

நிகண்டு அமர்ந்தாள். மூடிய கதவைப் பார்த்தபடி இருவரும் காத்திருந்தனர். அவளறியாமலே விரல்கள் முழங்காலின்மேல் தட்டத் தொடங்கியிருந்தன. பாதம், கணுக்கால், ஈரல், நெஞ்சு. கழுத்துக்கு வந்தபோது அவள் உணர்ந்து, வலக்கையால் இடக்கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.