நத்தைக்குப் பூந்தி

உலையில் அரிசியைப் போட்டுவிட்டு பிலோமி கையைக் கழுவிக்கொண்டிருந்தபோது முன்னறையிலிருந்து இக்னேஷியஸ் கத்தினான். பாம்பு கீம்பு வந்துவிட்டதோ என்று அவள் அகப்பையோடு ஓடினாள். அவள் புருஷன் பாதிக் கன்னத்தில் சவர நுரையோடு மீன் தொட்டியின் முன்னால் மண்டியிட்டிருந்தான்.

"முட்ட வச்சிட்ச்சு பிலோமி! கெண்ட முட்ட வச்சிட்ச்சு! இங்க பாரு, இங்க!"

கண்ணாடியின் உட்பக்கம், நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே, சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஏதோ ஒட்டியிருந்தது. நுங்குச் சதையைப் போல வழவழப்பு. வெளிச்சம் அதற்குள் புகுந்து மறுபக்கம் வந்தது. உள்ளே கசகசா தூவிய மாதிரிப் புள்ளிகள். பிலோமிக்கு அதைப் பார்த்ததும் ஏனோ சிரிப்பு வந்தது. அகப்பையிலிருந்து கஞ்சித் தண்ணீர் தரையில் சொட்டுவதைக்கூட அவள் கவனிக்கவில்லை.

இக்னேஷியஸ் ராயபுரம் ரயிலடி கூட்ஸ் ஷெட்டில் வேலை பார்த்தான். வேகனிலிருந்து இறங்கும் மூட்டைகளைச் சரிபார்ப்பது அவன் பொறுப்பு. கல்யாணமான புதிதில் பிலோமியைக் கடற்கரையிலுள்ள மீன் காட்சிசாலைக்கு அழைத்துப் போனான். போனவன் அங்கேயே தொலைந்துபோனான் என்றுதான் அவள் சொல்வாள். அன்றைக்குப் பிடித்த பித்து விடவில்லை. சைமன் கமிஷன் வந்து போன மறு வருஷம், ஒரு துணிக்கடையை இடித்தபோது அதன் அலமாரிக் கண்ணாடிகளைக் கேட்டு வாங்கிவந்தான். இரும்புச் சட்டம் அடித்து, இடுக்குகளில் மக்கு வைத்துப் பூசி, ஜன்னலோரமாக ஒரு தொட்டியைக் கட்டி நிறுத்தினான். அது மூன்று தடவை ஒழுகி வீட்டை நனைத்தது. மூன்று தடவையும் துடைத்தவள் பிலோமி. பிறகு ஆற்று மணல் வந்தது. திருவொற்றியூருக்கு அப்பாலுள்ள ஒரு குட்டையிலிருந்து ஈரச்சாக்கில் சுற்றி வேலம்பாசி என்ற நீர்ச்செடி வந்தது. கடைசியாக உடம்பில் கறுப்புப் பட்டை போட்ட சின்னக் கெண்டைகள் வந்தன. பிலோமி காத்திவாக்கத்துக் கட்டுமரக்காரர் மகள். மீனைப் பார்த்தால் மஞ்சளும் மிளகாயும் எங்கே என்று தேடுகிற வீட்டில் பிறந்தவளுக்கு, மீனுக்குச் சோறு போட்டு வேடிக்கை பார்க்கும் இந்த ஆள் ஒரு புதிர்தான். வேலை விட்டு வந்தால் நேரே தொட்டிக்குப் போவான். அவள் பேசுவதற்கு 'உம்' கொட்டுவான். கண் தண்ணீருக்குள் இருக்கும்.

அந்தக் காலை மட்டும் வேறாக இருந்தது. அவன் அவள் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்தான். எந்த மீன் வைத்திருக்கும், பெரியதா, வால் கிழிந்ததா என்று இருவரும் வெகுநேரம் வாதாடினார்கள். சோறு குழைந்துபோயிற்று.

அந்த வளவில் மொத்தம் ஐந்து குடித்தனங்கள். எல்லோரும் வந்து பார்த்தார்கள். அடுத்த போர்ஷன் சிலுவைமுத்து, துறைமுகத்தில் கப்பல் சரக்கு தூக்கும் வின்ச் ஓட்டுகிறவன், குனிந்து பார்த்துவிட்டு இக்னேஷியஸின் முதுகில் ஓங்கித் தட்டினான்.

"படா ஆளுதான்யா நீ! சொம்மா கெடந்த தண்ணில சம்சாரமே நடத்த வுட்டியே! பூந்தி எங்க மச்சான்?"

சாயங்காலம் இக்னேஷியஸ் பூந்தி வாங்கிவந்தான். வளவு முழுக்கக் கொடுத்தான்; கூட்ஸ் ஷெட்டிலும் கொடுத்தான். தாயாகப் போகிற கெண்டைக்கு ஊட்டம் வேண்டுமென்று தவிட்டையும் கோதுமை மாவையும் பிசைந்து வேளை தவறாமல் உருட்டிப் போட்டான்.

பகலெல்லாம் வீட்டில் இருந்தவள் பிலோமி. அதனால் அதிகம் பார்த்ததும் அவள்தான். துடைப்பத்தைச் சாத்திவிட்டு ஒரு தடவை, அம்மி அரைத்த கையோடு ஒரு தடவை என்று ஆரம்பித்தது. காலி மருந்துப் புட்டியில் தண்ணீர் நிரப்பிக் கண்ணாடியில் வைத்துப் பார்த்தால் எல்லாம் பெரிதாகத் தெரியும் என்பதைத் தற்செயலாகக் கண்டுபிடித்தாள். கசகசாப் புள்ளிகள் கடுகு நிறமாயின. ஒருநாள் அவை ஒவ்வொன்றும் தன் சிறு அறைக்குள் மெதுவாகச் சுழல்வதைப் பார்த்து அவள் மூச்சை நிறுத்திக்கொண்டாள். இன்னொரு நாள் அந்தப் புள்ளிக்கு முதுகு மாதிரி ஒன்று இருந்தது. முதுகின் மேல் ஒரு வளைவு, வளைவுக்குள் இன்னொரு வளைவு.

மீனுக்கு ஏது ஓடு?

செடிகள் இருந்த பக்கமாகப் புட்டியை நகர்த்தித் தேடினாள். வேலம்பாசியின் அடித்தண்டில், சாக்கில் அவனே சுற்றிக் கொண்டுவந்த அந்தச் செடியில், பழுப்பு நிறத்தில் ஒன்று ஊர்ந்துகொண்டிருந்தது. அதற்குக் கொஞ்சம் தள்ளி இன்னொன்று. கலங்கிய மூலையில் தட்டையாக ஒன்று. இவ்வளவு காலமும் கண்ணெதிரே இருந்திருக்கின்றன. மீனையே பார்த்துக்கொண்டிருந்ததில் ஒருவர் கண்ணிலும் படவில்லை.

வேலையிலிருந்து வந்தவனிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் முதலில் காப்பியைக் கொடுத்தாள். அவன் குடித்து முடித்த பிறகு, "ஏங்க, அது கெண்ட முட்ட இல்லீங்க" என்றாள்.

"அப்பறம்?"

"நத்த."

அவன் புட்டியை வாங்கிப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். காது மடல் சிவந்தது. "ஷெட்ல எல்லார்க்கும் சொல்லிட்டேனே பிலோமி" என்றான் மெல்ல.

மறுநாளே வளவு முழுக்கத் தெரிந்துவிட்டது. சிலுவைமுத்து கிணற்றடியில் வாளியை வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "நத்தைக்குப் பூந்தி குட்த்தவன் இந்த மெட்ராஸ்லயே நீ ஒருத்தன்தான்யா!" கூட்ஸ் ஷெட்டிலும் நத்தை என்ற பேர் ஒட்டிக்கொண்டது. வேகன் கதவைத் திறக்கும் கூலிகள்கூட, "நத்த வருது, வழி வுடு" என்றார்கள்.

இக்னேஷியஸ் தொட்டிப் பக்கம் போவதையே விட்டுவிட்டான். அவன் விட்ட இடத்தில் பிலோமி உட்கார்ந்தாள். அவளுக்கு வெட்கமாகவே இல்லை. ஒரே சாதி என்று நினைத்திருந்தது ஒன்றல்ல என்று தெரிந்ததும் கை பரபரத்தது. கூர்முனையும் மெல்லிய ஓடும் கொண்டது ஒன்று. அது நீர்ப்பரப்பில் தலைகீழாகத் தொங்கி நடந்தது, தண்ணீருக்குக் கூரை இருப்பது போல. இன்னொன்று தட்டையாக, துறைமுகத்தில் சுருட்டி வைத்த வடக்கயிறு மாதிரி. கண்ணாடியில் பசை முட்டை ஒட்டியது இவை இரண்டும்தான். இளம் தளிரைப் பொத்தலிட்டதும் இவைதான். மூன்றாவது விடியற்காலையில் மட்டும் தெரிந்தது. நீளமாக, கம்மலின் திருகாணி போல மரை போட்ட உடம்பு. வெளிச்சம் ஏறினால் மணலுக்குள் புகுந்துகொள்ளும். தொட்டால் வாசலில் ஒரு சின்னக் கதவைச் சாத்திக்கொள்ளும். அதற்குத் திருகாணி என்றே பெயர் வைத்தாள்.

எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று பார்க்க வெள்ளரித் துண்டு ஒன்றை மாலையில் போட்டு வைத்தாள். காலையில் துண்டு தெரியவில்லை, நத்தைதான் தெரிந்தது. அப்படியே தூக்கி வாளியில் போட்டாள். மறுநாளும் போட்டாள். உருண்டை உருண்டையாய் மாவு போட்டதால்தான் இந்தக் கூட்டம் என்று அவளுக்குப் புரிந்தது. மீன் தின்றது போக மிஞ்சியதெல்லாம் இவர்களுக்கு விருந்து. தீனியைக் குறைத்தாள்; பசை முட்டைகளைப் பழைய சவரக் கத்தியால் வழித்தாள். தலைகீழ் நடைக்காரர்கள் குறையத் தொடங்கினார்கள்.

"இன்னும் கொஞ்ச நாள் போவட்டும், அடங்கிடும்" என்றாள் புருஷனிடம்.

"எல்லாத்தியும் கொட்டிடலாம் பிலோமி. கலீஜா கீது."

"கலீஜு இல்லீங்க. வந்து பாருங்களேன்."

அவன் வரவில்லை.

ஒரு சனிக்கிழமை அவள் காசிமேட்டில் சங்கரா மீன் வாங்கிக்கொண்டு திரும்பியபோது வாசலிலேயே ஏதோ சரியில்லை என்று தோன்றியது. தொட்டித் தண்ணீர் மங்கலான நீலமாக இருந்தது. கண்ணாடியிலிருந்து நத்தைகள் ஒவ்வொன்றாகக் கழன்று விழுந்தன. கெண்டைகள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. இக்னேஷியஸ் சுவரோடு சுவராக நின்றிருந்தான். அவன் கையில் காகிதப் பொட்டலம். அதிலிருந்த, நத்தையைக் கொல்லும் மயில்துத்தம் விரலெல்லாம் நீலமாய் ஒட்டியிருந்தது.

"சிலுவ குட்த்தான். ஒரு சிட்டிகன்னான். நான்தான்... கொஞ்சம் அதிகமா..."

பிலோமி மீன் கூடையை எங்கே போட்டாள் என்று அவளுக்கே தெரியாது. மாவுச் சல்லடையைப் பிடுங்கிக்கொண்டு வந்தாள். சேலையைச் செருகிக்கொண்டு முழங்கை வரை தண்ணீருக்குள் விட்டாள். கெண்டைகள் துள்ளக்கூடத் தெம்பில்லாமல் சல்லடையில் வந்து விழுந்தன. குடிதண்ணீர்ப் பானை ஒன்றுதான் கைக்கெட்டியது, அதிலேயே போட்டாள்.

"தண்ணி! நல்ல தண்ணி கொண்டாங்க! அண்ணாத்தே! தண்ணி!"

அவள் போட்ட கூச்சலில் சிலுவைமுத்து சவரம் பண்ணாத முகத்தோடு ஓடிவந்தான். பானைக்குள் பார்த்ததும் அவன் சிரிப்பெல்லாம் எங்கோ போய்விட்டது. வாளியைத் தூக்கிக்கொண்டு கிணற்றுக்கும் வீட்டுக்குமாக ஓடினான். பெண்கள் சட்டிகளைக் கழுவிக் கொண்டுவந்து நீட்டினார்கள். பானையிலிருந்து சட்டிக்கு, சட்டியிலிருந்து இன்னொரு சட்டிக்கு என்று மீன்களை மாற்றிக்கொண்டே இருந்தார்கள். கவிழ்ந்து மிதந்த ஒரு பட்டைக் கெண்டையைப் பிலோமி உள்ளங்கையில் ஏந்தித் தண்ணீருக்குள் முன்னும் பின்னும் அசைத்தாள். செவுள் ஒருமுறை விரிந்தது. இன்னொருமுறை. பிறகு அது அவள் விரல் சந்து வழியே நழுவி அடியில் போய் நின்றது.

"பூட்ச்சு! நீந்திகினு பூட்ச்சு!" என்று சிலுவைமுத்து குதித்ததில் வாளி உருண்டது.

சில மீன்கள் பிழைக்கவில்லை. வால் கிழிந்தது பிழைக்கவில்லை. வேலம்பாசி கையோடு கரைந்து வந்தது. கூட்டம் கலைந்த பிறகு பிலோமி ஈரச் சேலையோடு தரையில் உட்கார்ந்தாள். கல்யாணமானதிலிருந்து அவள் அவனிடம் குரல் உயர்த்தியதில்லை.

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா?"

"எல்லாரும் சிரிக்கிறாங்க பிலோமி."

"சிரிக்கட்டுமே! அந்த முட்டைக்குள்ள நத்த சுத்தினத அவங்க யார்னா பாத்தாங்களா? நான் பாத்தேன். நீங்க வந்து பக்கத்துல குந்துவீங்கன்னு தெனம் பாத்துகினு இருந்தேன்."

இக்னேஷியஸ் தன் நீல விரல்களைப் பார்த்தான். அப்புறம் எழுந்து போய், தொட்டித் தண்ணீரைச் சொம்பு சொம்பாக இறைக்க ஆரம்பித்தான். இருட்டுவதற்குள் மணலைக் கிணற்றடிக்குக் கொண்டுபோய் இருவருமாக அலசினார்கள். செத்த ஓடுகளை அவன் பொறுக்கி எறிந்துகொண்டிருந்தபோது, "இருங்க, இருங்க" என்று அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். அவன் உள்ளங்கையில் இருந்தது ஒரு திருகாணி. கதவு இறுகச் சாத்தியிருந்தது. சீசாவில் கிணற்றுத் தண்ணீர் விட்டு அதைப் போட்டாள். தேடியதில் இன்னும் சில அகப்பட்டன. இருவரும் சீசாவை நடுவில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். அவளுக்குக் கால் மரத்துவிட்டது. ஒரு கதவு மயிரிழை அளவு விலகியது. சாம்பல் நிறத்தில் ஒரு மூக்கு வெளியே வந்து, எல்லாம் முடிந்துவிட்டதா என்று கேட்பது போல இரண்டு பக்கமும் தடவிப் பார்த்தது.

"துத்தத்தையே தாக்குப் பிட்ச்சிகினு கீதே!" என்றான் இக்னேஷியஸ். அவன் குரலில் பழைய கிறுக்கு எட்டிப் பார்த்தது.

அடுத்த விடுமுறைக்கு இருவருமே குட்டைக்குப் போனார்கள். புதுச் செடிகளை வாளியில் ஊறப்போட்டு, ஒவ்வொரு தண்டையும் இலையையும் புரட்டி, பசை இருந்தால் கிள்ளி எறிந்த பிறகே நட்டார்கள். சீசாக்காரர்களை என்ன செய்வது என்று அவன் அவளையே கேட்டான்.

"இதுங்க இருக்கட்டும். செடியத் தொடல. மண்ணத்தான் கெளறுதுங்க. அதிகமாச்சுன்னா வெள்ளரிக்கா இருக்கவே கீது." கொஞ்சம் யோசித்து, "ஆனா இதுங்க முட்ட எங்க வக்கிதுன்னுதான் தெரியல. எங்க தேடியும் ஆப்புடல" என்றாள்.

கெண்டைகள் புதுச் செடிக்குள் ஓடிப் பழகிய பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. பிலோமி பூசைக்குக் கிளம்பி, பட்டுச் சேலை கட்டி, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு தொட்டியைக் கடந்தவள் நின்றாள். கண்ணாடியை ஒட்டி ஒரு பெரிய திருகாணி மணலுக்கு வெளியே கிடந்தது. கதவு திறந்திருந்தது. அதன் கழுத்தோரத்தில் மணல் துகள் ஒன்று ஒட்டியிருந்தது. துகள் அசைந்தது.

"ஏங்க..." என்றாள். கண்ணாடியோடு கண்ணாடியாகக் குனிந்தாள். "ஏங்க! முட்டயே இல்லீங்க! குட்டி! குட்டி போடுது!"

ஒரு கால் செருப்போடு இக்னேஷியஸ் வந்து விழுந்தான். இருவர் தலையும் முட்டிக்கொண்டன. வாசலில் சிலுவைமுத்து, "இன்னா மச்சான், ரெண்டாம் மணி அட்ச்சிட்டான், பூசைக்கு வரலியா?" என்று கேட்டது காதில் விழுந்தது. "தோ வர்றோம்" என்றான் இக்னேஷியஸ், திரும்பாமல்.

துகள் தாயின் கழுத்திலிருந்து கழன்று கண்ணாடியில் காலூன்றியது. அத்தனை சிறியதற்கு முழு ஓடு இருந்தது. மரை கூட விழுந்திருந்தது. இக்னேஷியஸின் மூச்சுப் பட்டுக் கண்ணாடி மங்க, பிலோமி பட்டு முந்தானையால் சட்டென்று துடைத்தாள். மாதா கோயிலில் மூன்றாம் மணியும் அடித்து ஓய்ந்தது. மயிரிழையிலும் மெல்லிய இரண்டு கொம்புகளை நீட்டி, அது மேலே ஏறத் தொடங்கியது. கீழே, தாயின் கதவோரத்தில், இரண்டாவது துகள் தெரிந்தது.