நலமாக இருப்பாய் என நம்புகிறேன்

அன்றைக்கும் மகெரேதா அலுவலகத்தின் மறுகோடியிலிருந்தே என்னைத் திட்டிக்கொண்டு வந்தாள்.

"ஏய் வசிதி! ஒங்க தீவுல கண்ணாடி விக்கிறதில்லையா? இந்த மூஞ்சியத் தூக்கிக்கிட்டு பஸ்ல வேற வந்திருக்க. டிரைவர் பயந்துபோய் காசே வாங்கியிருக்க மாட்டானே!"

"வாடி மலையூர்க்காரி. நேத்து மழையில நீ நனைஞ்சப்பதான் தெரிஞ்சுது. இத்தனை நாளா அழுக்கைப் பாத்து தோலுன்னு நெனச்சிட்டிருந்தோம்."

எல்லோரும் சிரித்தார்கள். சுவரோரம் நின்ற பெண்மணி மட்டும் சிரிக்கவில்லை. அவர் பெயர் லினெட். எங்களுக்குத் தொழில்முறை ஆங்கிலம் கற்றுத்தர பிரிஸ்பேனிலிருந்து அன்றுதான் எங்கள் தீவு நாட்டின் தலைநகர் சுவாவுக்கு வந்திருந்தார். நாங்கள் பேசியது என்னவென்று கேட்டார். நான் எதையும் விடாமல் மொழிபெயர்த்தேன். அதற்குள் அவர் கை பேனாவைத் தேடத் தொடங்கியிருந்தது.

ஓர் ஆஸ்திரேலிய மின்சாரக் கம்பெனிக்கு வரும் புகார்களுக்கு நாங்கள் இங்கிருந்து பதில் சொல்கிறோம். ஒன்றாம் வகுப்பிலிருந்து ஆங்கிலத்தில் படித்தவர்கள் நாங்கள். ஆனால் எங்களிடம் இருப்பது வெறும் ஆங்கிலம்தானாம். தொழிலுக்கு ஆகும் ஆங்கிலம் வேறாம்.

லினெட் என்னைத் தனி அறைக்கு அழைத்துப்போய், டிஷ்யூ பெட்டியை என் பக்கம் நகர்த்தினார்.

"வசிதி, இங்க நீ மனசு விட்டுப் பேசலாம். இது எவ்வளவு நாளா நடக்குது?"

"பொறந்ததிலேர்ந்து. அவ எனக்கு தௌவு."

தௌவு என்றால் கேலிமுறை. அவள் மலையூரும் என் தீவும் ஆதியில் ஒரே தெய்வத்தின் வழி வந்தவை. அதனால் இரண்டு ஊர்க்காரர்களும் பார்த்த இடத்தில் ஒருவரையொருவர் வையலாம். கோபித்துக்கொள்ளத்தான் கூடாது. கோபித்துக்கொண்டால் உறவே இல்லை என்று ஆகிவிடும். என் அப்பா இறந்தபோது மகெரேதா பெட்டியருகே நின்று, "எங்க ஊருக்கு வந்து யங்கோனா குடிக்கப் பயந்துக்கிட்டுதானே இப்படிப் படுத்துட்ட, கெழவா?" என்று அவரை ஏசினாள். அழுதுகொண்டிருந்த அம்மா வாய்விட்டுச் சிரித்தாள். அன்று முறைப்படி ஆறுதல் சொன்ன ஒருவர் முகமும் எனக்கு நினைவில்லை.

இதையெல்லாம் சொன்னேன். லினெட் கண்ணை மூடித் தலையசைத்தார்.

"ஒங்க கலாச்சாரத்தை நான் ரொம்ப மதிக்கிறேன்," என்றவர் அந்த மதிப்பை மடித்து ஓரமாக வைத்துவிட்டார். "ஆனா, வேலை நேரத்துல வேண்டாமே."

வகுப்பு தொடங்கியது. கடிதத்தை நலம் விசாரித்துத் தொடங்க வேண்டும். குறை சொல்வதற்கு முன் ஒரு பாராட்டு, சொன்ன பின் இன்னொரு பாராட்டு. 'நீ தவறு செய்தாய்' என்று சொல்லவே கூடாது. 'நான் இப்படி உணர்கிறேன்' என்றுதான் சொல்ல வேண்டும்.

மகெரேதா கையைத் தூக்கினாள். "அப்போ பன்னிய வெட்டுறதுக்கு முன்னாடி முதுகைத் தடவிக் குடுக்கணும். வெட்டுனப்புறமும் தடவணும். அவ்வளவுதானே டீச்சர்?"

வகுப்பே உருண்டது. நானும் சிரித்தேன். ஆனால் என் கை குறிப்பெடுப்பதை நிறுத்தவில்லை.

காரணம், எங்களையெல்லாம் 'பஹினி', அதாவது தங்கச்சி, என்றே கூப்பிடும் மேலாளர் ராஜ்நீல் முந்தைய நாள் என்னிடம் ஒரு சேதி சொல்லியிருந்தார். "இந்த கோர்ஸ்ல யாரு நல்லா வர்றாங்களோ அவங்கதான் டீம் லீடர், பஹினி. ஒனக்கு வரும். ஒன் தோழிகூட சேர்ந்து கெடாம இருந்தா."

அந்த நாற்காலி எனக்கு வேண்டியிருந்தது. மகெரேதாவும் வேண்டும். இரண்டையும் ஒருசேர வைத்துக்கொள்ளலாம் என்றுதான் நம்பினேன்.

மகெரேதா போனை எடுத்தால் வைக்க மாட்டாள். மின்கட்டணம் பற்றிக் கேட்கக் கூப்பிட்ட கிழவர்களிடம் அவர்கள் வீட்டு நாயைப் பற்றி விசாரிப்பாள், அவர்களையும் இரண்டு வார்த்தை கிண்டல் செய்வாள். மறுமுறை அவர்கள் அவள் பெயரைச் சொல்லிக் கேட்பார்கள். என் பெயரை ஒருவரும் கேட்டதில்லை. நான் எல்லாவற்றையும் சரியாகச் சொல்லி முடித்துவிடுவேன்.

பக்கத்து இருக்கைக்காரருக்கு ஓர் உண்மையான குறையை எழுதும்படி லினெட் பயிற்சி கொடுத்தார். நான் ஆங்கிலத்தில் எழுதினேன்:

'அன்புள்ள மகெரேதா, நீ நலமாக இருப்பாய் என நம்புகிறேன். வாடிக்கையாளரிடம் நீ காட்டும் உற்சாகத்தைப் பெரிதும் மதிக்கிறேன். எனினும் உன் அழைப்புகள் நீளும்போது மற்றவர்களுக்கு அது சுமையாவதாக உணர்கிறேன். உன் ஒத்துழைப்பு எப்போதும் போல் எங்களுக்குப் பலம்.'

லினெட் அதைத் திரையில் போட்டுக் காட்டினார். நகல் ராஜ்நீலுக்கும் போனது.

மகெரேதா திரையைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். "நலமா இருப்பேன்னு நம்புறியா? கையை நீட்டுனா என் முதுகு. தொட்டுப் பாத்துக்க வேண்டியதுதானே?"

"பயிற்சிதானடி இது."

"சுமையா நான்?"

"அப்படித்தான் எழுதணும்னு சொல்லிக் குடுத்தாங்க..."

"வாயால சொல்லியிருந்தா சிரிச்சிருப்பேன், தௌவு."

பஸ்ஸில் வீடு திரும்பும்போது யோசித்தேன். இத்தனை காலம் நான் அவளை ஏசிய ஏச்சில் என் மனசு துளியும் இருந்ததில்லை. முகம், அழுக்கு, மலை எல்லாம் ஊருக்குப் பொதுவான சொத்து. யாரும் எடுத்து எறியலாம். துவைத்து, இஸ்திரி போட்ட அந்த நாலு வரியில்தான் முதன்முறையாக நான் இருந்தேன். அது அவளுக்கும் தெரிந்துவிட்டது.

மறுநாள் அவளிடமிருந்து பதில் வந்தது. நலம் விசாரிப்பு, நன்றி, உறுதிமொழி எல்லாம் இருந்தன. பிழையே இல்லை. லினெட் பூரித்துப்போனார்.

அன்றிலிருந்து மகெரேதா என்னைத் திட்டவில்லை. "காலை வணக்கம், வசிதி," என்பாள். அவள் அழைப்புகள் குறுகின. நாற்காலி எனக்குக் கிடைத்தது. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து, யாராவது என்னைத் தீவுக்குரங்கே என்று கூப்பிட மாட்டார்களா என்று காத்திருந்தேன். எல்லோரும் மரியாதையாக வந்து, மரியாதையாகப் போனார்கள்.

பயிற்சியின் கடைசி நாளில் மின்சாரக் கம்பெனிக்காரர்கள் விமானமேறி வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். மகெரேதா தன் இடத்தில் கைகளை மடித்து வைத்து உட்கார்ந்திருந்தாள், வேறு யாரோ போல. எனக்குத் தாங்கவில்லை. நாற்காலி போனால் போகட்டும், இவள் ஒரு வார்த்தை ஏசினால் போதும் என்று தோன்றியது. எழுந்து நின்று கத்தினேன்.

"ஏய் மகெரேதா! ஒங்க மலையில மாடெல்லாம் ஒங்களவிட நல்லாப் பேசுமாமே! போனெடுக்க ஒன்னை எதுக்குடி அனுப்புனாங்க? மாட்டுக்கு லீவா?"

பின்வரிசையில் ஒரு சிரிப்பு கிளம்பி, பாதியில் நின்றது. லினெட்டின் வாய் திறந்திருந்தது. நான் மகெரேதாவை மட்டுமே பார்த்தேன். அவளுக்குச் சிரிப்பு வருமுன் உதட்டின் இடது ஓரம் துடிக்கும். அதற்காகக் காத்திருந்தேன்.

அவள் மெல்ல எழுந்தாள். தெளிவான ஆங்கிலத்தில் சொன்னாள்:

"நீங்கள் அப்படிச் சொல்லும்போது, நான் புண்படுவதாக உணர்கிறேன்."

உதடு துடிக்கவில்லை. அவள் வேடிக்கை பண்ணவில்லை; உண்மையிலேயே வலித்திருந்தது. ஊரில் எத்தனையோ ஏச்சு கிடக்க, என் வாய் தானாகப் போய் அவள் பேச்சின்மேலும் போனின்மேலும்தான் கைவைத்திருக்கிறது. எனக்கே அப்போதுதான் உறைத்தது.

"இதுதான்! இதைத்தான் நான் இத்தனை நாளாச் சொல்லிக் குடுத்தேன்!" லினெட் கண் கலங்கிக் கைதட்டினார். வந்தவர்களும் தட்டினார்கள். நடித்துக் காட்டும் பயிற்சி என்று நினைத்துக்கொண்டார்கள்.

"மன்னிக்கவும். உங்கள் கருத்தைப் பகிர்ந்ததற்கு நன்றி," என்றேன் நானும். அதற்கும் கைதட்டல் கிடைத்தது. நாற்காலிக்கு ஒன்றும் ஆகவில்லை. ராஜ்நீல் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

பிறகு தேநீர் அறையில் என் தட்டில் மரவள்ளிக்கிழங்கும் டின் மீனும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மகெரேதா வந்து எதிரே நின்றாள். தௌவு முறையில் கேட்பது என்பதே கிடையாது. தட்டோடு தூக்கிக்கொண்டு ஓடலாம், கட்டியிருக்கும் கைக்கடிகாரத்தைக்கூடக் கழற்றிக்கொள்ளலாம். தட்டை அவள் பக்கம் கொஞ்சம் நகர்த்தி வைத்தேன்.

"ஒரு துண்டு எடுத்துக்கொள்ளலாமா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

"தாராளமாக," என்றேன்.

இருப்பதிலேயே சின்னத் துண்டாகப் பார்த்து எடுத்தாள். நன்றி சொல்லிவிட்டு வேறு மேசைக்குப் போனாள்.