ஐந்தாவது கதவு

நான்கு கதவுகள் முடிந்திருந்தன. புதிதாக விரித்த கார்பெட் ஒரு விரல் கனம். அதனால் வீட்டின் எந்த உள்கதவும் எளிதில் நகரவில்லை. தச்சர் ஒவ்வொன்றையும் கீலிலிருந்து கழற்றி, வெளியே இரண்டு ஸ்டூல்மேல் கிடத்தி, அடிப்பக்கத்தை அறுத்து மறுபடி மாட்டினார். கார்பெட்டுக்கு மேல் அரை விரல் இடைவெளி. கூட வேலை செய்யும் அவர் மச்சினன், இரண்டு பிள்ளைக்குத் தகப்பன், தூசியில் தும்மிக்கொண்டே கதவுகளைத் தூக்கினான்.

கடைசி அறைக் கதவுக்கு வந்தபோது வீட்டுக்காரர் பக்கத்தில் வந்து நின்றார். குரலே உயர்த்தாத மனிதர்.

"இதுக்கு மட்டும் இடைவெளி வேண்டாம். திறந்து மூடினாப் போதும். கார்பெட்டை உரசிட்டே இருக்கட்டும்."

"உரசினா கார்பெட் தேஞ்சிடும் சார்."

"தேயட்டும். உள்ள என் மாமனார் படுத்திருக்கார். குளிர் ஆகாது அவருக்கு."

தச்சர் தோளால் தள்ளிக் கதவைத் திறந்தார். அனல் முகத்தில் அடித்தது. கட்டிலருகே ஒரு கேஸ் ஹீட்டர். அதன் தீ நீலமாக இல்லை. மஞ்சளாக, நாக்கை நீட்டி ஆடியது. ஜன்னலின் நான்கு ஓரமும் டேப் ஒட்டியிருந்தது. சுவரின் உச்சியில் இருந்த காற்றுத் துவாரத்தின்மேல் ஓர் அட்டை. அட்டை புதிது. அதற்குப் பிறகு இந்த அறைக்குள் மூச்சு வர மிஞ்சியிருந்த வழி கதவின் அடியிடுக்கு ஒன்றுதான். அதையும் கார்பெட் அடைத்துவிட்டது.

கிழவர் கண்ணைத் திறந்தார். முகம் செக்கச்செவேலென்று இருந்தது.

"எழுப்பிட்டேனா ஐயா?"

"எழுப்பினாத்தான் எந்திரிக்கிறேன் தம்பி. கார்பெட் போட்ட மூணு நாளா ஒரே தூக்கம். தலை கல்லு மாதிரி கனக்குது. ஹால்ல உக்காந்தா தெளியும், மாப்பிள்ளை விடமாட்டார்." அவர் சிரித்தார். "பெத்த பிள்ளைகூட இப்படித் தாங்காது. பொண்ணு வேலையா வெளியூர் போயிருக்கா. சனிக்கிழமை வந்து பாத்தா அப்பனை அடையாளம் தெரியாது அவளுக்கு, அவ்வளவு கவனிப்பு."

தச்சர் கூடத்துக்கு வந்தார். சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"சார், அந்த ஹீட்டர் சரியில்ல. ரூம்ல காத்து இல்லாம எரியுது, விஷவாயு சேரும். ராத்திரி தூங்குறவர் காலையில எந்திரிக்காமப் போயிடலாம்."

வீட்டுக்காரர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார். இந்த ஆபத்து தெரியாதவன் கேட்டிருந்தால் ஒரு திடுக்கிடல் இருக்கும், அறைக்கு ஓடியிருப்பான். தச்சர் அந்த முகத்தில் அதைத் தேடினார். வெகுநேரம் தேடினார்.

"நீங்க கதவு வேலைக்குத்தானே வந்தீங்க?" என்றார் வீட்டுக்காரர்.

வெளியே, கழற்றிய ஐந்தாவது கதவு ஸ்டூல்மேல் கிடந்தது. படுக்க வைத்துவிட்டால் மேல் எது, கீழ் எது என்று தெரியாது. அதற்காகவே அடிப்பக்கத்தில் சாக்பீஸால் பெருக்கல் குறி போடுவார்கள். மச்சினன் போட்டிருந்தான். தச்சர் குறியைப் பார்த்தார். பிறகு மறுமுனைக்கு நடந்துபோய், இரண்டு விரல் அளந்து கோடு கிழித்து, ரம்பத்தை ஓடவிட்டார்.

"அத்தான், அது மேல்பக்கம்!"

துண்டு கீழே விழுந்தது.

"கண்ணு அவிஞ்சு போச்சா உங்களுக்கு? புதுசா வேலைக்கு வந்தவன்கூட இதைப் பண்ணமாட்டானே."

"பண்ணிட்டேன். வாயை மூடு."

வீட்டுக்காரர் வந்து பார்த்தார். அறுபட்ட முனையை விரலால் தடவினார்.

"மேல குறைஞ்சு போச்சு சார், கீழ இன்னும் தட்டும். பட்டறைக்கு எடுத்துட்டுப் போய் மரம் ஒட்டித்தான் கொண்டுவரணும். என் தப்பு, என் செலவு. அதுவரைக்கும் ஒரு திரை போதும்."

"எப்ப வரும்?"

"சனிக்கிழமை."

வீட்டுக்காரர் மெல்லத் தலை நிமிர்ந்தார். "சனிக்கிழமை யார் வர்றாங்கன்னு மாமா சொன்னாரா?"

தச்சர் குனிந்து அறுந்து விழுந்த துண்டை எடுத்தார்.

உள்ளேயிருந்து கிழவரின் குரல் வந்தது. "மாப்ள, கதவு எங்க? காத்து அடிக்குது. வேலை தெரியாதவனை எல்லாம் எங்கே புடிச்சீங்க?"

"இதோ மாமா," என்று வீட்டுக்காரர் உள்ளே போனார். கட்டிலருகே குனிந்து கிழவரின் போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டார். அவ்வளவு பக்குவமாக.

கதவை வண்டியில் ஏற்றிக் கட்டினார்கள். மச்சினன் ஏறி உட்கார்ந்து அரை பாட்டில் தண்ணீரைக் குடித்தான்.

"வேணும்னே பண்ணீங்க. புரியுது. ஆனா இன்னிக்கு செவ்வாய்க்கிழமைதான் அத்தான்."

தச்சர் சாவியில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தார்.

வீட்டுக்குள்ளிருந்து சுத்தியல் சத்தம் கேட்டது. நிலையில் ஆணி இறங்கும் சத்தம். கம்பளிபோல் கனமான எதையோ வீட்டுக்காரர் அறை வாசலில் விரித்து அடிக்கிறார். ஒவ்வோர் அடியும் பஞ்சில் விழுவதுபோல் மொத்தென்று கேட்டது. திரை தொங்குவதற்கு மேலே மூன்று ஆணி போதும். மூன்று அடித்தாயிற்று. சத்தம் நிற்கவில்லை. மேலே அடிக்கும் ஆணிக்கும் கீழே அடிக்கும் ஆணிக்கும் ஒலி வேறு என்பது மரத்தோடு வாழ்ந்த காதுக்குத் தெரியும். அது இப்போது நிலையின் ஓரமாக, சாண் சாணாக, கார்பெட்டை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது.

"ஃபோனை எடு. போலீஸுக்குப் பேசு, இந்த விலாசத்தைச் சொல்லு," என்றார் தச்சர்.

"அத்தான்..."

அவர் வண்டியிலிருந்து இறங்கி, ஓடாமல், வேகமாக வீட்டை நோக்கி நடந்தார். சுத்தியல் நின்றது.