பட்டாசைப் பேசாத மன்றம்

1

இந்தக் கதை ஒரு வாக்கியத்திலிருந்து வந்தது. மைத்துனர் கடைக்குக் காலண்டர் ஆர்டர் கொடுக்க சிவகாசி அச்சகம் ஒன்றில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்து நாற்காலிக்காரர் தன் கூட்டாளியிடம் சொன்னார்: "நம்ம மன்றத்துல உலகத்துல உள்ள அம்புட்டையும் பேசுவோம்லே, பட்டாசைத் தவிர."

என்ன மன்றம் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கட்டுரை எழுதியிருப்பேன். கேட்காததால் கதை. கீழே வரும் மன்றமும் ஆட்களும் விதியும் என் கைச்சரக்கு.

2

முதல் தொடக்கம்: "அறிவுத் தாகம் கொண்ட சான்றோர் சிலர் கூடி நிறுவிய பொருளியல் பேச்சு மன்றமானது—"

வேண்டாம். ஆண்டு மலர் வாடை அடிக்கிறது.

இரண்டாம் தொடக்கம்: கல்லூரிப் பொருளியல் ஆசிரியர்கள் சிலரும் படிப்பில் ருசி கண்ட வியாபாரிகள் சிலரும் சேர்ந்து ஆரம்பித்தார்கள். மாதம் ஒரு கூட்டம். ஒருவர் கட்டுரை வாசிப்பார். மற்றவர்கள் அதைக் கிழி கிழியென்று கிழிப்பார்கள். பிறகு காராச்சேவும் காப்பியும். தீபாவளி சீசனில் மட்டும் கூட்டம் கிடையாது.

ஆரம்ப நாட்களில் மிளகாய் வத்தல் விலை இறங்கப்போவதே இல்லை என்று ஒரு மண்டிக்காரர் அத்தனை அழகாக வாசித்தார். கேட்டவர்கள் வாங்கிக் குவித்தார்கள். அவர் தன் சரக்கைத் தள்ளிவிட்ட கையோடு விலை படுத்துவிட்டது. சூடு கண்ட பூனைகள் ஒரு விதி எழுதின: பேசப்படும் பொருளில் வீட்டுக்கு ஆதாயம் உள்ளவர் எழுந்து வெளியே போய்விட வேண்டும்.

நல்ல விதிதான். அதன்பின் ஆஸ்திரேலியக் கம்பளி, மலேசிய ரப்பர் என்று மன்றம் கரை புரண்டு ஓடியது. பிரேசில் காப்பியை மட்டும் மூன்று முறை பேசினார்கள். பட்டாசு என்று எடுத்தால் அறையில் ஆளிருக்காது. யாரும் அதைத் தடை செய்யவில்லை. விதிப்படி நடந்துகொண்டார்கள், அவ்வளவுதான்.

3

மன்றத்தில் கட்டுரை வாசிக்கப்போகும் பெர்சிஸை முதலில் கோபக்காரியாக எழுதினேன். மேசையைக் குத்தினாள். அந்த வரியை அடித்துவிட்டேன். அவள் குத்தினால் அவளை ஒதுக்கித் தள்ளுவது மன்றத் தலைவர் நைனா முகம்மதுவுக்குச் சுலபமாகிவிடும்.

(கதாபாத்திரத்தை அடக்குவது அவளுக்காகவா, எனக்காகவா என்று தெரியவில்லை.)

ஆகவே அமைதியானவள். கல்லூரியில் பொருளியல் கற்பிக்கிறாள். தம்பி செல்வமணி, பக்கத்து எம். புதுப்பட்டி ஊரில் ஒரு பட்டாசு ஆலையில் மருந்து கலக்கும் அறையில் வேலை பார்த்தவன். போன வருடம் அறை தீப்பிடித்தது. உயிர் பிழைத்தான். அவள் எழுதிய கட்டுரையின் தலைப்பு, 'விபத்தின் விலையைக் கொடுப்பவர் யார்?'

வெளியூர்க் கருத்தரங்கில் வாசித்தால் கைதட்டுவார்கள். அவளுக்குக் கைதட்டல் வேண்டாம். தொழில் தெரிந்த இந்த மனிதர்கள் ஒருமுறை கேட்க வேண்டும். கேட்டுவிட்டுக் கிழிக்கட்டும். அதற்காக உள்ளுக்குள் தவித்தாள்.

4

கூட்டம் தொடங்கியது. நைனா முகம்மது வழக்கப்படி சொன்னார்: "பட்டாசுல ஆதாயம் உள்ளவக எந்திரிக்கலாம்."

அவரே முதலில் எழுந்தார். அவர் கடைக் காகிதம்தான் வெடிக்குழாயாகிறது. ஓய்வுபெற்ற பேராசிரியர் ஜெயசுந்தர் எழுந்தார். மருமகன் பட்டாசுக் கம்பெனி வைத்திருக்கிறார். வங்கி அதிகாரி வேல்விழி எழுந்தாள். கணவனின் வேன்கள் ஆலைக்கு ஆள் ஏற்றுகின்றன. மிச்சப் பேரும் நாற்காலியைச் சத்தமில்லாமல் தள்ளிவிட்டுப் போனார்கள். மரியாதையான மனிதர்கள்.

வாசலில் தலைவர் திரும்பினார். "நீங்களும் வாங்கம்மா. தம்பி புதுப்பட்டிலதான வேலை பாக்காரு. விதி எல்லாருக்கும் ஒண்ணுதானே." கனிவாகத்தான் சொன்னார்.

பெர்சிஸ் தாள்களைச் சீர்படுத்தினாள். "பாத்தான், பாய். ரெண்டு கையும் ஆகாதுன்னு நிப்பாட்டிட்டாக. எங்க வீட்டுக்குப் பட்டாசுல இப்ப ஒரு ஆதாயமும் இல்ல. நான் இங்கன இருக்கலாம்."

நைனா முகம்மது மனதுக்குள் விதியைப் புரட்டிப் பார்த்தார். அது அவள் பக்கம் இருந்தது.

"சரிதாம்மா. இருங்க."

5

ஒரு சிக்கல். கேட்க ஓர் ஆளாவது இருந்தால்தான் அது கூட்டம். அதுவும் விதியில் இருக்கிறது.

முடிவு அ: முற்றத்தில் நின்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஜெயசுந்தர் தொண்டையைச் செருமி, "நம்ம ஆலையிலயும் போன மாசம்—" என்று ஆரம்பித்தார். எல்லோரும் மனம்விட்டுப்—

இல்லை. ஆசைக்கு எழுதியது.

முடிவு ஆ: செல்வமணியைக் கூப்பிடலாம். விதிப்படி அவனுக்கும் இப்போது ஆதாயம் இல்லை. அக்கா கைபேசியில் கேட்டும் பார்த்தாள். "எனக்குத் தெரிஞ்ச கதைதானக்கா அது. தெரியாதவகளாப் பாத்துச் சொல்லு," என்றான்.

முடிவு இ: நானே போய் உட்காரலாம் என்று எழுந்தேன். மைத்துனர் கடைக்குக் காலண்டர் என்றேனே, அது பட்டாசுக் கடை. முற்றத்தில் வேல்விழி எனக்குக் காராச்சேவுத் தட்டை நீட்டினாள். வாங்கிக்கொண்டேன்.

6

மிச்சம் நீங்கள்.

அறை திறந்துதான் இருக்கிறது. நாற்காலிகள் அத்தனையும் காலி. வாசலில் நைனா முகம்மது எல்லோரிடமும் கேட்பதை உங்களிடமும் கேட்பார், தப்பாக நினைக்காதீர்கள்.

"வாங்க, வாங்க. காப்பி சாப்பிட்டீகளா? ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லிட்டு உள்ள போங்க. போன தீபாவளிக்கு உங்க வீட்டுல வெடி போட்டீகளா?"

சந்தோஷமும் ஆதாயத்தில் சேருமா என்று விதியில் இல்லை. நீங்களேதான் முடிவு செய்ய வேண்டும். உள்ளே பெர்சிஸ் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, முதல் தாளைக் கையில் பிடித்தபடி வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.