சிவப்புக் கரைப் பாய்

பாகெத் குனிந்து, கணவனின் காதில் அடைத்திருந்த சேற்றை எடுக்கப் போனாள். பூசாரி தன் கோலால் அவள் கையைத் தட்டிவிட்டார்.

"தொடக்கூடாதும்மா. ஆறு எடுத்துக்கிட்ட உடம்பு. இனிமே எங்க கைதான் படணும்."

முந்தாநாள் காலையில் வீட்டை விட்டுப் போன ஹோரி இன்றுதான் கிடைத்தான். நைல் அவனை ஊருக்குக் கீழே நாணல் புதரில் செருகி வைத்திருந்தது. வயிறு உப்பியிருந்தது. உதட்டை மீன் தின்றிருந்தது. பக்கத்தில் நிற்க முடியாத நாற்றம். அந்த நாற்றத்தைச் சுற்றித்தான் ஊரே தாமரை மாலையோடு நின்றது. ஆற்றில் செத்தவன் ஒசிரிஸ் சாமியைப் போலச் செத்தவன். அவனுக்குக் கோயில் செலவில் கல்லறை, ஆண்டுதோறும் படையல்.

வாய்க்கால் அடைபட்டுக் கிடக்கிறது, அண்ணனிடம் வந்து ஒரு வார்த்தை கேளுங்கள் என்று ஹோரி வீடு வீடாக நடந்தபோது கதவைச் சாத்திக்கொண்டவர்களும் இவர்கள்தான். இப்போது ஒருத்தி உடம்பிலிருந்து வடிந்த நீரில் முந்தானையை நனைத்துத் தன் குழந்தையின் கண்ணில் ஒற்றினாள். பாகெத் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிணத்தைப் பார்த்து அல்ல.

கூட்டத்தின் நடுவே ஹோரியின் அண்ணன் மென்னா மார்பில் அடித்துக்கொண்டு அழுதார். மூச்சு வாங்கும்போதெல்லாம் யாரோ நீட்டிய பார்லிக் கள்ளைக் குடித்தார். பிறகு வாயைத் துடைத்துக்கொண்டு பாகெத்தின் அருகில் வந்தார். வெங்காய வாடை அடித்தது.

"கல்லறைய நம்ம மேட்டு நெலத்து ஓரமா வைக்கச் சொல்லிட்டேன். சனம் வரும், படையல் வரும். உன்னைய நான் பட்டினி போட்டுருவனா?"

அந்த மேட்டு நிலம்தான் எல்லாவற்றுக்கும் காரணம். ஆற்று வெள்ளம் அதில் நிறைந்து, மடை வழியாக ஹோரியின் பள்ளத்து வயலுக்கு இறங்க வேண்டும். இந்த வருடம் வெள்ளம் குறைவு. மென்னா தன் நிலத்தில் நீர் நிறைந்த பிறகும் மடையைத் திறக்கவில்லை. கீழே வயல் வெடித்துக் கிடந்தது. இன்னும் சில நாளில் ஆறு இறங்கிவிடும். பிறகு விதைக்க ஈரமும் இல்லை, தின்ன ரொட்டியும் இல்லை.

அன்று காலை ஹோரி மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு, அண்ணன் திறக்கப்போவதில்லை, ஆற்றங்கரையிலேயே வேறு வாய்க்கால் வெட்டிப் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனான். நனைந்த கரை காலடியில் சரிந்து அவனை ஆற்றுக்குள் தள்ளியிருக்க வேண்டும். மண்வெட்டி மட்டும் கரையில் கிடந்தது.

பாகெத் இதைப் பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்லிப் பார்த்தாள். அவள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "சாமியான மனுசன வச்சுக்கிட்டு மடைச் சண்டையப் பேசாதடி," என்றாள்.

கோயிலுக்குக் கொண்டுபோகும் படகு வந்துவிட்டது. உடம்பை ஏற்றும் முன் தண்ணீர் வார்க்க வேண்டும். செத்தவன் குற்றமற்றவன் என்று வீட்டுக்குப் பெரியவரான மென்னா சொல்ல வேண்டும். பெண்டாட்டி மொண்டு வரும் நீரை அவர்தான் வார்க்க வேண்டும். பூசாரி நீண்ட மூக்கு வைத்த செம்புக் கெண்டியைப் பாகெத்திடம் கொடுத்தார்.

அவள் ஆற்றுப் பக்கம் இறங்கவில்லை. மடைக்குப் போனாள். யாரும் கவனிக்கவில்லை. எல்லோருக்கும் சாமியைப் பார்க்க வேண்டியிருந்தது.

மடையில் மண்ணை அள்ள அள்ள, உள்ளே சுருட்டித் திணித்திருந்த பாய் தெரிந்தது. சிவப்புக் கரை வைத்த பாய். ஊரில் அப்படி முடைகிறவள் மென்னாவின் மனைவி சாத்ரே ஒருத்திதான். பாகெத் இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். பாய் கிழிந்து வந்தது. பின்னாலேயே தண்ணீர் முழங்காலில் மோதி, வெடித்த நிலத்துக்குள் ஓடியது. அவள் கொஞ்ச நேரம் அதைப் பார்த்தாள். பிறகு கெண்டியில் மொண்டாள். பாயின் சிவப்புக் கரையை நீளமாகக் கிழித்து, மடித்து, கெண்டியின் மூக்கில் செருகினாள். ஹோரி சற்றுக் காத்திருக்கட்டும். தண்ணீருக்குக் காத்திருப்பது அவனுக்குப் புதிதல்ல.

அவள் திரும்பி வந்தபோது மென்னா கையை உயர்த்திச் சொல்லத் தொடங்கினார்.

"என் தம்பி ஒருத்தரையும் அழ வைக்கல. வேளைக்கு வர்ற தண்ணிய நிறுத்தல. ஓடுற தண்ணிய மறிச்சு அணை போடல."

குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை. நகக்கண்ணில் மடைச் சேறு இன்னும் கறுப்பாக இருந்தது. எப்படித்தான் நாக்கு புரள்கிறதோ என்று பாகெத் அருவருப்போடு பார்த்துக்கொண்டு நின்றாள்.

மென்னா கெண்டியைச் சாய்த்தார். தண்ணீர் வரவில்லை. குலுக்கிச் சாய்த்தார். வரவில்லை. செத்தவன் அண்ணன் கையால் தண்ணீர் வாங்க மறுக்கிறான் என்று பின்னால் ஒரு கிழவர் முணுமுணுத்தார். கூட்டம் பின்வாங்கியது.

"தண்ணி மொண்டியாம்மா?" என்றார் பூசாரி.

"நெறைய இருக்கு சாமி. என்னமோ அடைச்சிருக்கு. பெரிய மச்சானுக்கு எடுக்கத் தெரியும்."

மென்னா கெண்டியின் மூக்கில் விரலை விட்டார். சிவப்பு நுனி ஒன்று வெளியே வந்தது. அவர் முகம் மாறியது. நிறுத்தவும் முடியாமல் இழுத்தார். ஈரமான பாய்க் கரை வந்துகொண்டே இருந்தது. சாத்ரே தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். பக்கத்து வீட்டுக்காரி பாகெத்தின் சேற்றுக் காலைப் பார்த்தாள். பிறகு பள்ளத்து வயலைப் பார்த்தாள்.

தண்ணீர் வந்தது. ஹோரியின் நெற்றியில் விழுந்து பக்கவாட்டில் இறங்கியது. காதில் அடைத்திருந்த சேறு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து மணலில் வழிந்தது.