நந்தகோபன் திரும்பிய வழி

மதுராவிலிருந்து வாங்கி வந்த பேடாப் பெட்டியை மேசையில் வைக்கப் போன சுவாமிநாதன், அங்கே அடுக்கியிருந்த கல்யாணப் பத்திரிகைகளைப் பார்த்தார். பன்னிரண்டு நாள் யாத்திரை முடிந்து அப்போதுதான் மந்தைவெளி வீட்டுக்குள் நுழைந்திருந்தார். தான் வந்த பிறகே அச்சுக்குக் கொடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். ஒன்றைப் பிரித்தார். ஹம்சாவின் பெயருக்கு மேலே ‘ஸ்ரீகிருஷ்ணாவின் புதல்வி’ என்று இருந்தது. தன் பெயர் கடைசியில், வரவை விரும்பும் உறவினர் வரிசையில் மூன்றாவதாக இருந்தது.

ஸ்ரீகிருஷ்ணா, சுவாமிநாதனின் மனைவி காமாக்ஷியின் தம்பி. பிரசவத்தில் மனைவி போனதும், பதினோரு நாள் குழந்தையான ஹம்சாவை அக்காவிடம் கொடுத்துவிட்டு மஸ்கட் போனவன். அங்கேயே இன்னொரு கல்யாணம், இரண்டு பிள்ளைகள். இருபத்தேழு வருஷத்தில் நான்கு முறை வந்திருக்கிறான். ஹம்சா முதன்முதலில் ‘அப்பா’ என்றது சுவாமிநாதனைப் பார்த்துத்தான். சட்டப்படி தத்து எடுத்துக்கொள்ளலாம் என்று அவர் ஒருமுறை வக்கீல் வரைக்கும் போனார். “நமக்குள்ள என்னத்துக்குக் காகிதம்?” என்றாள் காமாக்ஷி. அதை அவர் அன்பு என்று எடுத்துக்கொண்டார்.

“கன்யாதானம் அவன்தான் பண்ணணும்னு சாஸ்திரிகள் சொல்லிட்டார். கோத்ரம் அவனோடதுதானே,” என்றாள் காமாக்ஷி இப்போது, கீரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“எப்ப சொன்னார்?”

“பொங்கலுக்கு முன்னாடி.”

வைகாசி பிறந்துவிட்டது.

“நீங்க ஊர்ல இல்லாதப்போ அடிச்சுட்டா பேச்சு வளராதுன்னு நெனச்சேன். உங்களுக்குப் பட்டு வேஷ்டி, வெள்ளிச் சொம்பு எல்லாம் எடுத்துண்டு வரான்.”

அவர் பத்திரிகையை மடித்து வைத்தார். மயிலாப்பூரில் இருக்கும் ஒரு யாத்திரைக் கம்பெனிக்காகப் பத்தொன்பது வருஷமாக ஜனங்களைக் கோகுலத்துக்கும் நந்தகாவுக்கும் கூட்டிப் போகிறார். நந்தகாவில் குன்றின் மேல் கோயில். சந்நிதியில் நந்தகோபனுக்கும் யசோதைக்கும் நடுவில் கண்ணனும் அண்ணனும் நிற்பார்கள். அந்தப் படிகளில் அவர் எப்போதும் ஒரே கதையைத்தான் சொல்வார். கம்சன் செத்த பிறகு மதுராவில் கண்ணன் நந்தகோபனுக்கு வஸ்திரமும் ஆபரணமும் பாத்திரங்களும் கொடுத்து, நீங்கள் ஊருக்குப் போங்கள், நான் வந்து பார்க்கிறேன் என்கிறான். இந்த முறை சுப்பராமன் என்கிற யாத்ரீகர் கேட்டார்: “வளத்தவர் பதிலுக்கு ஒண்ணும் கேக்கலையா?” “கட்டிண்டு அழுதார். அப்புறம் வண்டியப் பூட்டிண்டு கிளம்பிட்டார்,” என்று சொல்லிவிட்டு, அடுத்த ஊரான பர்ஸானாவுக்கு நேரமாகிறது என்று எல்லோரையும் பஸ்ஸுக்கு விரட்டினார். அந்த வாரம்தான் இங்கே அச்சகத்தில் பத்திரிகை ஓடிக்கொண்டிருந்தது.

அக்காவும் தம்பியுமாக ஹம்சாவைக் கட்டாயப்படுத்தியிருப்பார்கள், காமாக்ஷி அழுதிருப்பாள் என்று பகல் முழுக்கத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். சாயங்காலம் தேனாம்பேட்டை ஆபீஸிலிருந்து வந்தவள், வாசலில் செருப்பைக் கழற்றியபடி போனில் பேசிக்கொண்டிருந்தாள். “அப்பா பதினாலாம் தேதி மஸ்கட்லேர்ந்து லேண்ட் ஆறார்.”

நிமிர்ந்தவள் அவரைப் பார்த்தாள். போன் கீழே இறங்கியது.

“எப்பப்பா வந்தே?”

“உனக்கு எப்பலேர்ந்து தெரியும்?”

“சொல்லணும்னுதான் இருந்தேன்.”

“அம்மா சொல்லாதேன்னாளா?”

அவள் இல்லையென்று தலையாட்டினாள். “அவர் போன வருஷத்துலேர்ந்து தினம் பேசறார்ப்பா. ஒரே ஒரு தரம் மடியில உக்காத்தி வெச்சுக்கணும்னு அழறார். நான்தான் சரின்னேன். நீ ஒண்ணும் சொல்லமாட்டேன்னு நெனச்சேன்.”

ஒரு வருஷம். அந்த ஒரு வருஷமும் அவர் ஊரில் இருந்த ராத்திரியெல்லாம் அவருக்கு எதிரே உட்கார்ந்துதான் சாப்பிட்டாள். நான்தான் சரின்னேன் என்று அவள் சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று தோன்றியது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. அவள் நினைத்தது போலவே ஆயிற்று என்பதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

மறுநாள் சனிக்கிழமை. ரங்கநாதன் தெருவில் ரவிக்கை தைக்கக் கொடுத்திருந்ததை வாங்க வேண்டும், வருகிறாயா என்று ஹம்சா கேட்டாள். முடியாது என்று சொல்ல நினைத்தவர், செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார். மாம்பலம் ஸ்டேஷனில் ரயில் வந்து கூட்டம் எதிரே பொங்கி வந்தது. அவர் முன்னால் நடந்தார். பின்னால் அவர் சட்டையை ஹம்சாவின் கை கொத்தாகப் பிடித்துக்கொண்டது. யாரோ இடித்தபோது பிடி இறுகி, காலர் தொண்டையில் அழுந்தியது. அவர் திரும்பவில்லை. அந்தக் கையை விலக்கவும் இல்லை. துணிப்பைகளும் தோள்களும் இருபுறமும் உரச, கழுத்தை அறுத்த காலரோடு மெல்ல மெல்ல முன்னே நகர்ந்தார்.